வயல் நோட்டும் இருபது குடும்பமும்

குடும்ப விவசாயத்தை வாழவைக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக மூன்று வேலை செய்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறார்கள், சங்கம் கட்டுகிறார்கள், மனு கொடுக்கிறார்கள். பயிற்சி கல்யாண மண்டபத்தில் நடந்து மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. சங்கம் பதிவுச் சான்றிதழாகப் பீரோவில் கிடக்கிறது. மனு குறைதீர் கூட்டத்தில் ரசீது வாங்குவதோடு நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே கிடையாது.

எனக்குத் தெரிந்தவரை, இந்த மூன்றும் ஓர் ஊரில் உருப்படியாக நடந்த இடங்களிலெல்லாம் அடியில் ஒரே ஒரு பொருள் இருந்திருக்கிறது: வயலில் நின்று எழுதிய நோட்டு. எண்ணி எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி எழுதுகிற இருபது குடும்பம் சேர்ந்தால் அது சங்கம். அந்த இருபது நோட்டையும் கூட்டினால் வரும் கணக்கே கோரிக்கை. காவிரி டெல்டாவின் சம்பா நெல்லை வைத்து இதை விளக்குகிறேன். மற்ற பயிருக்கு எண்கள் மாறும், வேலை மாறாது.

முதலில் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. டெல்டாக் கணக்கில் ஆறு மா (மூன்று மா ஓர் ஏக்கர்) கூட வராது. இந்த அளவு நிலத்தில் ஒரு தவறான மருந்துத் தெளிப்போ, முளைக்காத விதையோ, நிராகரிக்கப்பட்ட காப்பீடோ அந்த ஆண்டு வருமானத்தையே தின்றுவிடும். ஐக்கிய நாடுகள் சபை 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. நல்லது. ஆனால் பத்தாண்டு பலகையில் இருக்கிறது, பயிர் வயலில் இருக்கிறது.

வகுப்பு நடக்க வேண்டிய இடம்

விவசாயிகள் வயலிலேயே கூடி, எண்ணிப் பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளி என்ற முறை இந்தோனேசியாவிலிருந்து வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி நெல்லை அழித்துக்கொண்டிருந்தது. அரசு மானியத்தில் பூச்சிமருந்து கொடுக்கக் கொடுக்கப் புகையான் கூடியது. காரணத்தை ஆய்வாளர்கள் வயலிலேயே காட்டினார்கள். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. ஆனால் தூருக்கடியில் திரியும் சிலந்தியும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அந்த மருந்தில் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும்போது அதைத் தின்ன ஆளில்லை. தெளித்த வயலில் தெளிக்காத வயலைவிடப் புகையான் பெருகுவது இதனால்தான். 1986-இல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார், மானியமும் படிப்படியாக நின்றது. 1989-இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வயலில் எண்ணிக் காட்டியது கொள்கையை மாற்றிய கதை இது. பயிற்சி வேறு, கோரிக்கை வேறு என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

ஒரு பள்ளிக்கு 20 முதல் 25 குடும்பம் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்காரர் வரப்பிலேயே நின்று போனைப் பார்ப்பார். ஒரே வருவாய் கிராமத்துக் குடும்பங்களாக இருக்க வேண்டும்; இது ஏன் என்பது காப்பீட்டுக்கு வரும்போது தெரியும். ஒரு குடும்பத்தில் யார் வயலில் அதிகம் நிற்கிறாரோ அவர் வர வேண்டும். களை எடுப்பதும் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் பெண்கள், பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து ஆண்கள் என்றால் அந்தப் பள்ளி முதல் நாளே தோற்றுவிட்டது. பெண்கள் காலையில் கூலிக்குப் போகும் ஊரில் ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு “அவங்க வரமாட்டேங்கிறாங்க” என்று சொல்லக்கூடாது. பூச்சி பார்க்கக் காலை வெயில் ஏறும் முன்தான் நல்லது, மறுக்கவில்லை. கூலி வேலை இல்லாத கிழமையைக் கேட்டு அந்தக் கிழமையை வைக்க வேண்டும்.

பள்ளிக்கு மூன்று துண்டு வயல் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 10 சென்ட். ஒன்றில் ஊர் வழக்கப்படி எல்லாம் நடக்கும். இரண்டாவதில் குழு ஒவ்வொரு வாரமும் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு மட்டும் நடக்கும். மூன்றாவது சோதனைக்கு: புது இரகமோ, ஒற்றை நாற்று நடவோ, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுததோ, ஏதாவது ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றத்தை ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்று கடைசியில் சண்டைதான் வரும். மூன்றுக்கும் நடுவே நல்ல வரப்பு, தனித்தனி மடை. வழக்கமான துண்டில் போட்ட யூரியா உடைந்த மடை வழியாகப் பக்கத்துத் துண்டுக்கு ஓடிவந்து முழுப் பருவச் சோதனையையும் கெடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம்.

நாற்றங்காலில் தொடங்கி அறுவடை வரை வாரம் ஒருநாள் கூட வேண்டும். 135, 140 நாள் சம்பாவுக்கு 19, 20 கூட்டம் வரும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் துண்டின் குறுக்காக நடந்து 10 குத்தை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) எடுத்துப் பார்க்கும். வரப்போரத்துக் குத்தை எடுக்கக்கூடாது. அங்கே வெளிச்சமும் உரமும் வேறு. ஒவ்வொரு குத்திலும் உயரம், தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) எண்ணிக்கை, பச்சை இலை, நோய்ப்பட்ட இலை, தீமை செய்யும் பூச்சி, நன்மை செய்யும் பூச்சி, தண்ணீர் நிற்கும் அளவு. குத்தை லேசாகச் சாய்த்து அடித்தூரைத் தட்டினால்தான் புகையான் தண்ணீரில் விழும். மேலிருந்து பார்த்தவருக்குப் புகையான் தெரியவே தெரியாது. வட்டம் வட்டமாகக் காய்ந்த பிறகுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

எண்ணியதைப் பெரிய தாளில் படமாக வரைய வேண்டும்: நடுவில் ஒரு குத்து, ஒருபக்கம் பயிரைத் தின்பவை, மறுபக்கம் அவற்றைத் தின்பவை. வரைவது சின்னப்பிள்ளை வேலை என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். விடாதீர்கள். எழுத்து வராதவரும் சரிசமமாகப் பேசக் கிடைக்கும் ஒரே இடம் அந்தத் தாள்தான்.

முடிவெடுக்கச் சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். புகையான்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று, குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குருத்துப்பூச்சி: சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது நடுக்குருத்து காய்ந்தது 10 சதவீதம். இலைச்சுருட்டுப் புழு: தூர்கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். இவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் எல்லைகள். இதைத் தாண்டாத வரை எதையும் தெளிக்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இந்தப் பள்ளியின் முக்கால்வாசி வேலை.

வாயால் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்குத்தான் கத்தரிக்கோல். நட்ட 20, 25 நாளில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கட்டத்தில் எல்லா இலையையும் பாதியாக வெட்டிவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். பயிர் புது இலை விட்டுத் தேறிவிடும், அறுவடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்னொரு கட்டத்தில் கதிர் வரும் நேரம் கண்ணாடி இலையை மட்டும் வெட்டுங்கள். அங்கே மகசூல் குறைவது கண்ணுக்குத் தெரியும். எந்தச் சேதத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இந்த இரண்டு கட்டத்தில் புரிந்துவிடும். அதேபோல் தொட்டியில் வைத்த ஒரு குத்தின்மேல் கொசுவலைத் துணி கட்டி, உள்ளே பத்துப் புகையானும் ஒரு ஓநாய்ச் சிலந்தியும் விட்டு மறுநாள் எண்ணச் சொல்லுங்கள். ஒரு சிலந்தி நாளுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை தின்னும். அதைப் பார்த்தவர் கடைக்குப் போய் “அண்ணே, பூச்சி இருக்கு, ஏதாச்சும் குடுங்க” என்று கேட்பது குறையும்.

எல்லை தாண்டினால்? புகையானுக்கு முதலில் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் வயலைக் காயவிட வேண்டும், மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்த வேண்டும். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும், தெளிக்கிறவர் காலும் போகும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, காதிசோப்புக் கரைத்து, மாலையில் தெளிக்க வேண்டும். பலரும் பழைய பூஞ்சணம் பிடித்த கொட்டையை வாங்கி, காலை வெயிலில், இலைமேல் தெளித்துவிட்டு “இயற்கை மருந்து கேக்கல” என்கிறார்கள். பூச்சி இருப்பது அடித்தூரில். இரசாயனமோ வேம்போ, தெளிப்பான் முனை அங்கே போகாவிட்டால் இரண்டும் வீண்.

வயல்வெளிப் பள்ளி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: நடத்துபவர் வாத்தியாராகிவிடுகிறார். “இது என்ன பூச்சி?” என்று கேட்டால் பெயர் சொல்லிவிடுகிறார். அவர் சொல்ல வேண்டிய பதில், “எங்கே பார்த்தீங்க? என்ன செஞ்சுகிட்டிருந்தது? கூண்டில் விட்டுப் பார்ப்போமா?”

கணக்கு

நோட்டின் இடப்பக்கம் வயல், வலப்பக்கம் பணம். தேதி, வேலை, ஆள், கூலி, வாங்கிய பொருள், விலை. இதை ஓரளவு எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது ஒன்றைத்தான்: வீட்டு ஆட்களின் உழைப்பு. மனைவி நான்கு நாள் களை எடுத்தார், மகன் இரவில் தண்ணீர் பாய்ச்சினான், அப்பா களத்தில் காவல் இருந்தார். இதற்கெல்லாம் யாரும் கூலி கொடுக்கவில்லை, அதனால் கணக்கில் இல்லை. மணி அளவில் எழுத வேண்டும், ஆண் பெண் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து.

காரணம் இருக்கிறது. நெல்லுக்கு மத்திய அரசு ஆதரவு விலை வைக்கும்போது, கையிலிருந்து செலவழித்ததையும் குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்த்து அதற்கு ஒன்றரை மடங்கு என்று கணக்கிடுகிறது. 2025-26 பருவத்துக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று வைத்து, பொது ரக நெல்லுக்கு 2,369 ரூபாய் அறிவித்தார்கள். சொந்த நிலத்தின் வாடகையும் போட்ட முதலுக்கு வட்டியும் சேர்ந்த முழுச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் வேண்டும் என்பதுதான் விவசாயச் சங்கங்கள் கேட்பது, எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரை அதுவே என்பது அவர்கள் வாதம். 1,579 என்பது நாடு முழுதுக்குமான சராசரி. நம் ஊரில் எவ்வளவு என்று கேட்டால் “கட்டுப்படியாகல சார்” என்பது பதிலாகாது. இருபது குடும்பம், ஒரு பருவம், மணிக்கணக்கோடு எழுதிய செலவு என்றால் அதை மறுப்பதற்கு எதிரே இருப்பவரும் ஒரு கணக்கை எடுத்துவர வேண்டும்.

விதை

விவசாயிகளின் வலைப்பின்னல் என்று பெரிய பெயர் வைக்கிறோம். கிராமத்தில் அது நடைமுறையில் விதை கைமாறுவதுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் வைத்த வழக்கம் எளிமையானது: இரண்டு கிலோ வாங்கிப் போ, அடுத்த ஆண்டு நான்கு கிலோ கொண்டுவா. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி எல்லாம் இன்று ஊர் ஊராகக் கிடைப்பதில் அந்த வழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாநில அரசும் 2021-22 முதல் அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் நடத்துகிறது.

ஆனால் இந்த வழக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. திரும்பி வரும் நான்கு கிலோ அதே இரகம்தானா என்று யார் பார்ப்பது? அறுவடை எந்திரத்தில் முந்தைய வயல் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். களத்தில் பக்கத்துக் குவியல் கலக்கும். போன பருவத்து நெல் வயலிலேயே தானாக முளைக்கும். மூன்று கைமாறினால் தூயமல்லி என்ற பெயரில் மூன்று நெல் இருக்கும். சந்தையில் “மரபு நெல்லில் மகசூல் வராது, ஒரே சமயத்தில் முற்றாது” என்று கேட்கும் குறையில் பாதி இந்தக் கலப்பால் வருவது.

அதனால் ஒரு குடும்பம் ஒரு இரகத்துக்குப் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது. பொறுப்பெடுத்த குடும்பம் 5 சென்ட்டில் விதைக்கென்றே தாய்வயல் வைக்க வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், எனவே பக்கத்து இரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். போன பருவம் வேறு நெல் போட்ட வயலாக இருந்தால் உழுது தண்ணீர் விட்டு, முளைத்ததை மறுபடி மடக்கி உழ வேண்டும். உப்புக் கரைசலில் விதையைப் போட்டு மிதப்பதை நீக்க வேண்டும். உப்பின் அளவுக்கு அடையாளம், நல்ல கோழிமுட்டை கரைசலில் மிதந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளியே தெரிவது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவாமல் விட்டால் முளைப்பு கெடும்.

ஒற்றை நாற்று, 25 சென்டிமீட்டர் சதுரம். கலவன், அதாவது வேற்று இரகச் செடி, நீக்க மூன்று முறை இறங்க வேண்டும்: தூர்கட்டும்போது அடித்தூர் நிறமும் இலைச் சாய்வும் பார்த்து, பூக்கும்போது முந்தியும் பிந்தியும் பூப்பதைப் பார்த்து, அறுவடைக்கு முன் நெல்லின் நிறம், மூக்கு, உயரம் பார்த்து. வேற்றுக் குத்தைக் கதிர் மட்டும் கிள்ளாமல் வேரோடு பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் அதே குத்தின் பக்கத்துத் தூர் கதிர் விடும். நடுவிலிருந்து நூறு நல்ல கதிர் தனியாக எடுத்து அடுத்த ஆண்டுத் தாய்வயலுக்கு வைத்துவிட்டு மீதியைக் கையால் அடிக்க வேண்டும். தாய்வயலில் எந்திரம் இறங்கவே கூடாது.

மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், ஐப்பசி கார்த்திகை மழையில் சாயும். தழைச்சத்து கூடினால் நிச்சயம் சாயும். சாய்ந்து ஈரத்தில் கிடந்த கதிர் விதைக்கு ஆகாது.

காயவைப்பது 13 சதவீத ஈரத்துக்குக் கீழே. கையில் மானி இல்லாவிட்டால் பல்லில் கடித்தால் “டக்” என்று உடைய வேண்டும், நசுங்கக்கூடாது. சிமெண்டுத் தளத்தில் உச்சி வெயிலில் கொட்டி ஒரே நாளில் காயவைத்தால் முளை செத்துப்போகும். காலை, மாலை வெயிலில் மூன்று நான்கு நாள். நொச்சியும் வேம்பும் காய்ந்த இலையாகப் போட வேண்டும், பச்சை இலை போட்டால் ஈரம் ஏறும். முளைப்புச் சோதனைக்கு நூறு நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி ஏழாம் நாள் எண்ணினால் 80-க்குக் குறையக்கூடாது. சான்று விதைக்கும் அதுதான் அளவு. அறுத்த கையோடு சோதித்து 40 வந்தால் பதறாதீர்கள். பல மரபு இரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு, சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

5 சென்ட்டில் கழித்ததுபோக 40 கிலோ நல்ல விதை தேறும் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 3 கிலோ போடும் ஒற்றை நாற்று முறையில் அது 13 ஏக்கருக்கு வரும். வழக்கப்படி ஏக்கருக்கு 30 கிலோ நாற்றுவிடுகிறவருக்கு ஒன்றரை ஏக்கர் கூட வராது. இருபது குடும்பத்துக்கு விதை போதுமா போதாதா என்பது நடவு முறையைப் பொறுத்த விஷயம். இதைச் சொல்லாமல் விதைத் திருவிழா மட்டும் நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

சட்டம் நம் பக்கம்தான். 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற இரகத்தை அதன் பெயர் அச்சிட்ட பையில் முத்திரை விதையாக விற்பது மட்டும் கூடாது. 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மேல் பெப்சிகோ வழக்குப் போட்டுச் சிலரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டபோது, விவசாயிகள் பக்கம் நின்றவர்கள் பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவைத்தான். எதிர்ப்பு பெருகியதும் அந்த மே மாதமே நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

சங்கம், பணம், அரிசி ஆலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆளுக்கு ஆள் ஆர்வமாக இறங்கிக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் ஓர் ஆர்வலர் குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் உற்பத்தியாளர் குழு, அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். பணம் வந்ததும் பவர் டில்லர், ரோட்டவேட்டர் வாங்குவார்கள். யார் ஓட்டுவது, பழுதுக்கு எவ்வளவு ஒதுக்குவது, முதல் முறை யார் வயலுக்கு என்பதை முதலில் எழுதாத குழுவில் இரண்டாம் ஆண்டு எந்திரம் தலைவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். வாடகையில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனி வங்கிக் கணக்கில் போடாமல் எந்திரம் வாங்கவே கூடாது.

இயற்கை விளைபொருளுக்கு பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. செலவு மிகக் குறைவு. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: மாமன் மச்சான் வயலில் குறை எழுத யாருக்கும் மனம் வராது. ஆய்வுக்குப் போகிறவர் சீட்டுப்போட்டுத் தேர்ந்தவராகவும், ஆய்வு அறிவிக்காத நாளிலும் இருந்தால் ஓரளவு சரியாகும். அடிக்கடி மறந்துபோவது இரவல் தெளிப்பான். களைக்கொல்லி அடித்த அதே டேங்கில் பஞ்சகவ்யம் ஊற்றுகிறார்கள்.

மரபு அரிசி விற்பதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஆலை. பெரிய ஆலை பத்து மூட்டையை அரைக்காது. ஒரே இரகத்தை ஒரே வாரத்தில் ஐந்தாறு குடும்பம் சேர்த்துக் கொண்டுபோனால்தான் நடக்கும். அவித்து, காயவைத்து, அரைத்து அரிசியாக வருவது நெல் எடையில் அறுபது அறுபத்தைந்து சதவீதம். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய் இருப்பதால் சில மாதத்தில் சிக்கு வாடை வரும், வண்டு விழும். எனவே நெல்லாகவே வைத்து, ஒரு மாத விற்பனைக்கு மட்டும் அரைக்க வேண்டும்.

கேட்கப் போகும்போது

மறுபடி நோட்டுக்கு வருகிறேன். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மகசூல் குறைந்ததற்கான இழப்பீடு தனி வயலை வைத்து அல்ல, வருவாய் கிராமத்தை வைத்து. கிராமத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் அறுத்து எடை பார்ப்பார்கள். அந்தச் சராசரி, முந்தைய ஏழு ஆண்டில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால், போன விகிதத்துக்குப் பணம். உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, அறுத்தது 1,500 என்றால் 25 சதவீதம் இழப்பு. காப்பீட்டுத் தொகையில் கால்பங்கு கிடைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 25 சதுர மீட்டர் என்பது ஏக்கரில் ஏறத்தாழ 162-இல் ஒரு பங்கு. அந்தக் கட்டத்தில் ஒரு கிலோ கூடவோ குறையவோ எழுதினால் ஏக்கருக்கு 162 கிலோ மாறும். கட்டத்தின் மூலைவிட்டம் 7.07 மீட்டர் இல்லையென்றால் கட்டம் சதுரமாகவே இல்லை. இரவு மழையில் நனைந்த நெல்லை ஈரத்தோடு எடைபோட்டு, காய்ச்சல் கழிவு எழுதாமல் விட்டால் கிராமத்தின் மகசூல் தாளில் உயர்ந்துவிடும். இதையெல்லாம் யார் பார்ப்பது? வயல்வெளிப் பள்ளியில் மூன்று துண்டையும் இதே 5-க்கு 5 கட்டத்தால் அளந்து பழகிய இருபது பேர் ஊரில் இருந்தால் அவர்கள் பார்ப்பார்கள். அறுவடைச் சோதனை எந்தத் தேதி, எந்தச் சர்வே எண்ணில் என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் முன்கூட்டியே கேட்டு, நேரில் நின்று, எடையை நோட்டில் எழுதி, போனில் படமும் எடுத்துவிட வேண்டும். சண்டை போடத் தேவையில்லை. நாலு பேர் நோட்டோடு நிற்கிறார்கள் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரே வருவாய் கிராமத்துக் குடும்பங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காக.

பிறகு தாளில் ஏறிய எண் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். “ஏன் இழப்பீடு வரவில்லை?” என்று கேட்டால் ஒரு வரிப் பதில் வரும். “இன்ன கிராமத்தில், இன்ன பருவத்தில், சோதனை நடந்த சர்வே எண்கள், ஒவ்வொன்றின் ஈர எடை, காய்ந்த எடை, உத்தரவாத மகசூல் ஆகியவற்றின் நகல்” என்று கேட்க வேண்டும்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்திலும் அப்படித்தான். அங்கே ஈரப்பதம் 17 சதவீத வரம்பு. மழை பெய்யும் ஆண்டில் மாநில அரசு தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதும், குழு வந்து மாதிரி எடுக்கும், பிறகு முடிவு வரும். அதற்குள் நெல் களத்தில் முளைத்துவிடும். யாருடைய நெல் எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள் காத்தது, முதல் நாள் ஈரம் எவ்வளவு, எடுத்த நாள் எவ்வளவு, எத்தனை 40 கிலோ மூட்டை என்று ஐந்து பத்தி எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு தார்ப்பாயும் கூரையும் கூடுதல் நிலையமும் கேட்க அதுவே ஆதாரம்.

கேட்கும் இடங்களில் கிராமசபையை விட்டுவிடக்கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். தீர்மானத்தை வாயால் சொல்லாமல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து, நகல் வாங்கி வர வேண்டும். “விவசாயத்தைக் காக்க வேண்டும்” என்பது தீர்மானமல்ல. “இன்ன வாய்க்கால் இன்ன மதகிலிருந்து இத்தனை மீட்டர் தூர்ந்திருக்கிறது, கடைமடையில் இத்தனை ஏக்கர் தண்ணீர் வராமல் இத்தனை நாள் தாமதமாக நட்டது” என்பது தீர்மானம். டெல்டாவில் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பதை அது தடுக்கிறது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள் குவிந்திருந்தன.

இவ்வளவு சொல்லியும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது: வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். நில உரிமைப் பதிவான சிட்டாவில் பெயர் இல்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் அடங்கலில் ஏற்றச் சொன்னால் நிலக்காரர் சங்கடப்படுவார், கிராம நிர்வாக அலுவலர் நிலக்காரரைக் கேட்பார். அடங்கல் இல்லாமல் கூட்டுறவுக் கடனும் காப்பீடும் கொள்முதலும் குத்தகைக்காரர் பெயரில் நடப்பது கடினம். பயிர் அவருடையது, பணம் நிலக்காரர் கணக்குக்குப் போகும். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே இருக்கிறது, குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-இல் வந்தது. கோயில், மடத்து நிலத்தில் சாகுபடி செய்கிறவர் குத்தகை ரசீதைக் கட்டாயம் வாங்கி நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். தனியார் நிலத்தில் ரசீது தரமாட்டார்கள். அங்கே விதை வாங்கிய பில், உழவு கொடுத்த கூலி, நடவுத் தேதி, சாட்சியாகப் பள்ளியில் உடனிருந்தவர்களின் வாராந்தரக் கையெழுத்து ஆகியவைதான் அவர் உழுதார் என்பதற்கான எழுத்து. நிலம் கணவர் பெயரிலும் மாமனார் பெயரிலும் இருந்து, உழைப்பு மட்டும் தன் பெயரில் இல்லாத பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே நோட்டை நடத்துபவர் வீட்டில் வைக்கவே கூடாது. மூலப்பிரதி அந்தந்தக் குடும்பத்திடம், மாதம் ஒருமுறை எடுத்த நகல் குழுவிடம், இன்னொரு நகல் போனில் படமாக. குத்தகைக்காரருடைய நோட்டின் நகல் நிலக்காரர் உறவு இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும்.